தலைக்குழாயா, குறுக்குக் குழாயா?
சூரிய வெப்ப ஏற்பியின் ‘ஹெடர்’ பற்றிய கலைச்சொல் ஆய்வு

0. முன்னுரை

மும்பைப் புறநகர் இருப்புப்பாதையின் துறைமுகத் தடத்தில் குர்லாவை அடுத்து அமைந்துள்ள பகுதி சுனாபட்டி. இப்பெயரைத் தமிழ் எழுத்தில் முதன்முதலாகக் காணும் தமிழர் ஒருவர் உசிலம்பட்டி, ஆண்டிபட்டி முதலிய ஊர்ப்பெயர்களின் வரிசையில் இதனையும் வைத்துவிடுவது இயல்பே. ஆனால் இதன் ஈற்றில் உள்ளது சிற்றூரைக் குறிக்கும் தமிழ்ப் ‘பட்டி’ அன்று. உலை, சூளை என்னும் பொருளில் மராத்தியிலும் இந்தியிலும் வழங்கும் ‘பட்டி’ ஆகும். ‘சுனா’ என்பது சுண்ணாம்பு. எனவே ஊர்ப்பெயரின் பொருள் ‘சுண்ணாம்புச் சூளை’. சொல்லின் வடிவம் நமக்குப் பழக்கமானதாக இருப்பதே இங்குப் பொருள் மயக்கத்திற்குக் காரணமாகிறது. முற்றிலும் அயலான வடிவமாக இருந்திருந்தால் பொருள் என்ன என்று கேட்டிருப்போம். பழகிய வடிவமாதலால் கேளாமலே பொருள் கொண்டுவிடுகிறோம்.

கலைச்சொல்லாக்கத்திலும் இத்தகைய மயக்கம் நேர்வதுண்டு. தெளிவாகத் தோன்றும் தமிழ்ச்சொல் ஒன்று, படிப்பவர் மனத்தில் பொருளுக்கு மாறான எதிர்பார்ப்பை எழுப்பிவிடலாம். சூரிய வெப்பத்தால் நீரைச் சூடாக்கும் தகடுகளில் ‘ஹெடர்’ என்று வழங்கும் உறுப்பின் பெயரை எடுத்துக்கொண்டு, அதற்குத் தமிழில் தோன்றக்கூடிய பெயர்கள் ஒவ்வொன்றும் நீரோட்டத்தைப் பற்றி என்ன கூறுகின்றன, அவை கூறுவது உண்மையா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மும்பைத் தமிழரின் மொழிச்சூழல் இவ்வாய்வுக்குப் பொருத்தமானது. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தோல் பதனிடும் தொழிலை நாடித் தாராவியில் குடியேறியவர்கள், மாட்டுங்காவில் அலுவலகப் பணிகளை ஒட்டிக் குடியேறியவர்கள், செம்பூரிலும் சுனாபட்டியிலும் பின்னர்ப் பரவியவர்கள் ஆகிய அனைவரும் ஒரே பொருளுக்கு மூன்று நான்கு மொழிப் பெயர்களைக் கேட்டு வாழ்பவர்கள். செம்பைத் ‘தாம்பா’ என்றும் உலையைப் ‘பட்டி’ என்றும் கூறும் பட்டறையிலேயே ‘ஹெடர்’, ‘ரைசர்’, ‘பிரேசிங்’ என்னும் ஆங்கிலச் சொற்களும் புழங்குகின்றன. இத்தகைய தொழிலாளியின் கையில் தமிழில் எழுதிய நிறுவு குறிப்பு ஒன்றைக் கொடுத்தால், அதிலுள்ள புதுச்சொல் அவருக்குத் தெரிந்த செயலோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிடில் அவர் குறிப்பை ஒதுக்கிவிடுவார். அல்லது அதனை நம்பிக் குழாயைத் தவறாக இணைத்துவிடுவார். பின்னதே பெருங்கேடு.

1. உறுப்புகளும் அவற்றின் செயலும்

1.1. பெயரை ஆராயுமுன் பொருளை அறிதல் வேண்டும். தட்டை வடிவச் சூரிய வெப்ப ஏற்பி என்பது கண்ணாடி மூடிய ஆழமற்ற பெட்டி. அதனுள் கருநிறப் பூச்சுப் பெற்ற உலோகத் தகடுகள் வெயிலை உறிஞ்சுகின்றன. அத்தகடுகளோடு ஒட்டிய மெல்லிய செப்புக் குழாய்கள் பல, கீழிருந்து மேலாக இணையாகச் செல்கின்றன. இவை ‘ரைசர்’ எனப்படும். இவற்றின் கீழ் முனைகள் அனைத்தும் அகலவாக்கில் கிடக்கும் ஒரு பருத்த குழாயிலும், மேல் முனைகள் அனைத்தும் அதுபோன்ற மற்றொரு குழாயிலும் பற்றவைக்கப்படுகின்றன. இவ்விரு பருத்த குழாய்களுக்கும் ‘ஹெடர்’ என்றே பெயர். குளிர்நீர் கீழ் ஹெடரில் நுழைந்து, ரைசர்களில் பிரிந்து ஏறி, வெப்பம் பெற்று, மேல் ஹெடரில் ஒன்றுசேர்ந்து தொட்டிக்குச் செல்கிறது.

1.2. தட்டை ஏற்பிகளுக்கான இந்தியத் தரநிலை 12933 முதலில் 1992இல் வெளிவந்து 2003இல் திருத்தப்பெற்றது. இந்தியாவில் பரவலாகச் செய்யப்படும் 2 சதுர மீட்டர் அளவுள்ள ஏற்பியில் ரைசரின் வெளிவிட்டம் 12.7 மில்லிமீட்டர், ஹெடரின் வெளிவிட்டம் 25.4 மில்லிமீட்டர். குழாய்ச் சுவரின் தடிப்பு முறையே 0.56, 0.71 மில்லிமீட்டர். ரைசர்கள் பெரும்பாலும் ஒன்பது. இத்தகைய ஏற்பி ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 லிட்டர் நீரைச் சூடாக்குவதற்கு உரியதாகக் கொள்ளப்படுகிறது.

1.3. நீரோட்டம் இருவகைப்படும். தொட்டி ஏற்பிக்கு மேலே அமைந்து, சூடான நீர் இலேசாவதால் தானே மேலேறிச் சுழலுவது இயற்சுழற்சி. எக்கி கொண்டு நீரைச் செலுத்துவது விசைச்சுழற்சி. தனிவீட்டுக் கருவிகள் பெரும்பாலும் முதல் வகை. விடுதி, மருத்துவமனை, அடுக்குமாடிக் கட்டடம் ஆகியவற்றில் பல ஏற்பிகளை வரிசையாக இணைத்துப் பின்னதைக் கையாளுகின்றனர்.

1.4. ஹெடரை வடிவமைப்பவர் விடைகாண வேண்டிய வினா ஒன்றே: எல்லா ரைசர்களிலும் நீர் ஒத்த அளவில் செல்கிறதா? நீர் குறைவாகச் செல்லும் ரைசரை ஒட்டிய தகடு மிகுதியாகச் சூடேறும். அவ்வெப்பம் நீருக்குச் சேராமல் கண்ணாடி வழியே காற்றிற்கு இழக்கப்படும். எனவே ஹெடர் வெறும் இணைப்புக் குழாய் அன்று. பங்கீட்டைத் தீர்மானிக்கும் உறுப்பு. அதன் பெயரும் பங்கீட்டைப் பற்றித் தவறான செய்தியைத் தரலாகாது.

2. ‘ஹெடர்’: ஒரு வடிவம், பல பொருள்

2.1. ஆங்கிலத்தில் இச்சொல் பல துறைகளில் வழங்குகிறது. அச்சில் பக்கத்தின் மேல் வரும் வரி, கணினியில் செய்தியின் முற்பகுதி, கட்டடத் தொழிலில் குறுமுகம் வெளியே தெரிய வைக்கப்படும் செங்கல், கால்பந்தில் தலையால் முட்டும் அடி, கொதிகலனில் நீராவி சேரும் குழாய் ஆகிய அனைத்தும் ‘ஹெடர்’தான். இவற்றுள் அச்சு, கணினி ஆகிய துறைகளின் பொருளே மொழிபெயர்ப்பாளருக்கு மிகுதியும் பழக்கமானது. எனவே பொறியியல் உரை ஒன்றிலும் ‘தலைப்பு’ என்னும் சொல் நுழைந்துவிட இடமுண்டு. ‘தலைப்பில் நீர் கசிந்தால்’ என்னும் தொடரைப் படிக்கும் குழாய்ப் பணியாளர், சேலைத் தலைப்பையோ கட்டுரைத் தலைப்பையோ எண்ணாமல் இருக்க இயலாது.

2.2. நீரியலில் மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. அங்கு ‘ஹெட்’ என்பது நீரின் அழுத்தத்தை உயரத்தால் அளக்கும் அளவு. ‘ஹெடரில் ஏற்படும் ஹெட் இழப்பு’ என்பது ஆங்கிலத்தில் இயல்பான தொடர். ஹெட் என்பதற்கும் ஹெடர் என்பதற்கும் ‘தலை’ என்னும் ஒரே அடியைக் கொண்டால், ‘தலைக்குழாயில் தலையிழப்பு’ என்று முடியும். அளவைக் குறிக்கும் சொல்லை ‘அழுத்த உயரம்’ எனப் பிரித்துக் கொள்வது இன்றியமையாதது.

2.3. ‘கலெக்டர்’ என்னும் சொல்லும் இவ்வாறே. வெப்பத்தைத் திரட்டும் தகடு முழுவதற்கும் அது பெயர். மேல் ஹெடரையும் ‘நீரைத் திரட்டும் ஹெடர்’ என ஆங்கிலத்தில் குறிப்பதுண்டு. முன்னதைச் ‘சேகரிப்பான்’ என்றும் பின்னதைச் ‘சேகரிப்புக் குழாய்’ என்றும் பெயர்த்தால் முழுமைக்கும் உறுப்புக்கும் வேறுபாடு தெரியாமற் போகும். இக்கட்டுரையில் முன்னது ‘வெப்ப ஏற்பி’ எனப்படுவதற்கு இதுவே காரணம்.

3. ‘தலைக்குழாய்’: பாசன உருவகம்

3.1. ‘தலைப்பு’ என்பதை விலக்கினால், அடுத்துத் தோன்றுவது ‘தலைக்குழாய்’. இது நேர்பெயர்ப்பாக மட்டுமன்றித் தமிழ் மரபிலும் ஊன்றியதாகத் தோன்றுகிறது. ஆற்றுப் பாசனத்தில் தலைமடை, கடைமடை என்பன வேளாண்மக்கள் நாவில் பயிலும் சொற்கள். பெரிய வாய்க்காலிலிருந்து கிளைவாய்க்கால்கள் பிரிவதும், ஹெடரிலிருந்து ரைசர்கள் பிரிவதும் பார்வைக்கு ஒன்றே. ஆகவே பாசனச் சொற்களைக் கொண்டு ஏற்பியை விளக்குவது மொழிபெயர்ப்பாளருக்கு எளிதாகவும் படிப்பவருக்கு இனிதாகவும் அமையும்.

3.2. ஆனால் உருவகம் பெயரை மட்டும் கொண்டுவருவதில்லை. தன்னோடு ஓர் எதிர்பார்ப்பையும் கொண்டுவருகிறது. பாசன உருவகம் மூன்று செய்திகளை உட்கொண்டுள்ளது. (அ) ‘தலை’ என்பது நீர் புறப்படும் இடம். (ஆ) நீர் அங்கிருந்து மற்றவற்றிற்குப் பகிரப்படுகிறது. (இ) தலையை அடுத்திருப்பவருக்கு நீர் மிகுதி. கடைசியில் இருப்பவருக்குக் குறைவு. தஞ்சை, நாகைப் பகுதி வேளாளருக்கு மூன்றாவது செய்தி நூலறிவு அன்று, வாழ்க்கை அறிவு.

3.3. முதலிரு செய்திகளும் கீழ் ஹெடருக்கு மட்டுமே பொருந்தும். மேல் ஹெடரில் நீர் புறப்படுவதில்லை, வந்து சேருகிறது. பகிரப்படுவதில்லை, திரளுகிறது. பாசன நோக்கில் அது வடிகாலுக்கு ஒப்பானது. ஆனால் உருவத்தில் உச்சியில் இருப்பதும் அதுவே. எனவே ‘தலைக்குழாய்’ என்றால் உடலுறுப்பு நோக்கில் மேல் ஹெடரும், பாசன நோக்கில் கீழ் ஹெடரும் நினைவுக்கு வருகின்றன. ஒரு சொல் இரண்டு உருவகங்களுக்கு இடையே ஊசலாடுகிறது.

4. உருவகமும் நீரியலும்

4.1. மூன்றாவது செய்தியே நுணுகி ஆராயத்தக்கது. ஹெடரில் கடைமடைக்குத்தான் நீர் குறைகிறதா? இதற்கு விடை, குழாய்கள் எவ்வாறு இணைக்கப்பட்டுள்ளன என்பதைப் பொறுத்தது. குளிர்நீர் கீழ் ஹெடரின் இடது முனையில் நுழைந்து, சுடுநீர் மேல் ஹெடரின் அதே இடது முனையில் வெளியேறுவது ஒருவகை. கீழே இடது முனையில் நுழைந்து மேலே வலது முனையில் வெளியேறுவது மற்றொரு வகை. முன்னதை ஒருபக்க இணைப்பு என்றும் பின்னதை மூலைவிட்ட இணைப்பு என்றும் இங்கு வழங்குவோம்.

4.2. ஒருபக்க இணைப்பில், ஹெடர்களில் உராய்வால் ஏற்படும் இழப்பை மட்டும் கருதினால், பாசன உருவகம் பொருந்துகிறது. நுழைவாயிலுக்கு அருகிலுள்ள ரைசர் வழியே செல்லும் நீருக்குப் பாதை குறுகியது. தொலைவிலுள்ள ரைசருக்குப் பாதை நெடியது. கடைமடைக்கு நீர் குறைகிறது.

4.3. மூலைவிட்ட இணைப்பில் நிலைமை வேறு. எந்த ரைசர் வழியே சென்றாலும் பாதையின் மொத்த நீளம் ஒன்றே. ஆயினும் பங்கீடு முற்றிலும் சமமாவதில்லை. இடது முனையருகே கீழ் ஹெடரில் நீர் முழுவதும் ஓடுவதால் அங்கு அழுத்தம் விரைந்து குறைகிறது. மேல் ஹெடரில் அப்பகுதியில் நீர் இன்னும் திரளாமையால் அழுத்தம் ஏறக்குறைய மாறாமல் நிற்கிறது. வலது முனையருகே இந்நிலை தலைகீழாகிறது. இதன் விளைவாக இரு ஹெடர்களுக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு இரு முனைகளிலும் மிகுந்தும் நடுவில் குறைந்தும் இருக்கும். ஆகவே நீர் குறைவது கடைமடையில் அன்று, நடுவில்.

4.4. இது ஏட்டளவிலான கணக்கு மட்டும் அன்று. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டங்கிள், டேவி ஆகிய இருவரும் 1970ஆம் ஆண்டு மெல்போர்னில் நடைபெற்ற பன்னாட்டுச் சூரிய ஆற்றல் மாநாட்டில் வெளியிட்ட ஆய்வில், இணையாக இணைக்கப்பட்ட 12 ஏற்பிகளின் வரிசையில் நடுப்பகுதிக்கும் முனைகளுக்கும் இடையே 22 பாகை செல்சியஸ் வெப்பநிலை வேறுபாடு காணப்பட்டது. பாசன உருவகத்தை நம்பிக் கடைசி ஏற்பியை மட்டும் தொட்டுப் பார்க்கும் பணியாளர், குறை எங்கே உள்ளது என்பதை அறியாமலே திரும்பிவிடுவார்.

4.5. வாய்க்காலில் வெளிப்படையாகத் தெரியாத மற்றொரு விளைவும் மூடிய குழாயில் உண்டு. கீழ் ஹெடரில் ஒவ்வொரு ரைசரும் தன் பங்கை எடுத்துக்கொண்டபின், எஞ்சிய நீர் வேகம் குறைந்து செல்கிறது. வேகம் குறையுமிடத்து அழுத்தம் உயர்கிறது. உராய்வு சிறிதாகவும் நுழையும் வேகம் பெரிதாகவும் இருந்தால், கடைக்கோடி ரைசருக்கே நீர் மிகுதியாகச் செல்லக்கூடும். அந்நிலையில் தலைமடையே வறண்ட மடையாகிறது. உராய்வு, வேகமாற்றம் என்னும் இவ்விரண்டில் எது மேலோங்கும் என்பதைக் குழாயின் விட்டம், நீளம், நீரின் அளவு ஆகியவையே முடிவு செய்கின்றன.

4.6. அளவுகளைக் கொண்டு இதனை உணரலாம். மேற்கூறிய ஏற்பியில் ஹெடரின் உள்விட்டம் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர்; ரைசரின் உள்விட்டம் 11.6 மில்லிமீட்டர். ஒன்பது ரைசர்களின் குறுக்குவெட்டுப் பரப்பைக் கூட்டினால், அது ஹெடரின் பரப்பைப்போல் இரண்டு மடங்கைச் சற்றே மிஞ்சும். ஏற்பியின் ஒரு சதுர மீட்டருக்கு நொடிக்கு 0.02 கிலோகிராம் நீர் எனக் கொண்டால், ஹெடரின் வாயிலில் நீரின் வேகம் நொடிக்கு 9 சென்டிமீட்டர் அளவாகும். ரைசரில் 4 சென்டிமீட்டர். 2 மீட்டர் நீளமுள்ள ரைசரில் உராய்வால் ஏற்படும் அழுத்த இழப்பு ஏறத்தாழ 12 பாஸ்கல். ஹெடர் வாயிலில் நீரின் வேகத்திற்குரிய அழுத்தம் ஏறத்தாழ 4 பாஸ்கல். ஒரே ஏற்பி என்றால் பங்கீட்டில் பெரும் கேடில்லை.

இனி, இதேபோன்ற நான்கு ஏற்பிகளை ஹெடரோடு ஹெடராகத் தொடுத்து ஒரே வரிசையாக்குவோம். ரைசர் ஒவ்வொன்றிலும் இழப்பு முன்போலவே 12 பாஸ்கல். ஆனால் முதல் ஹெடரின் வாயிலில் நான்கு மடங்கு நீர் நுழைகிறது. வேகம் நான்கு மடங்காகும்போது அதற்குரிய அழுத்தம் பதினாறு மடங்காகி, 60 பாஸ்கலைத் தாண்டுகிறது. பங்கீட்டை ஆளவேண்டிய ரைசரின் தடையைவிட ஹெடரில் நிகழும் மாற்றம் ஐந்து மடங்கு பெரியதாகிவிடுகிறது. ஹெடரின் விட்டத்தைப் பெருக்குதல், ஒரு வரிசையில் தொடுக்கும் ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துதல் என்னும் இரு விதிகளுக்கும் அடிப்படை இதுவே. ரைசரின் தடை ஹெடரின் தடையைவிட மிகப் பெரிதாக இருக்கும்போதுதான் பங்கீடு சமமாகும்.

4.7. இயற்சுழற்சியில் இவ்வளவுகள் மேலும் முக்கியத்துவம் பெறுகின்றன. 40 பாகையில் நீரின் அடர்த்தி கன மீட்டருக்கு 992 கிலோகிராம். 60 பாகையில் 983. இவ்வேறுபாட்டால் ஒரு மீட்டர் உயரத்திற்குக் கிடைக்கும் உந்துவிசை 88 பாஸ்கல், அதாவது 9 மில்லிமீட்டர் நீர்மட்டம் மட்டுமே. இச்சிறு விசையே முழு நீரோட்டத்தையும் நடத்த வேண்டும். மேல் ஹெடர் சுடுநீர் வெளியேறும் முனையை நோக்கிச் சற்றே உயர்ந்திராவிடில், நீரிலிருந்து பிரியும் காற்று தேங்கி ஓட்டத்தையே நிறுத்திவிடும்.

5. ‘எதிர்’ என்னும் முன்னொட்டு

5.1. இணைப்பு முறைகளின் ஆங்கிலப் பெயர்கள் மொழிபெயர்ப்பாளரை மேலும் இடறச் செய்வன. மூலைவிட்ட இணைப்பும் அதன் விரிவான அமைப்பும் ஆங்கிலத்தில் ‘ரிவர்ஸ் ரிட்டர்ன்’ எனப்படுகின்றன. இதனை ‘எதிர்த்திசைத் திரும்பல்’ எனப் பெயர்ப்பது எளிது. சொல்லுக்குச் சொல் பிழையும் இல்லை. ஆனால் இதனைப் படிப்பவர் மேல் ஹெடரிலும் கீழ் ஹெடரிலும் நீர் எதிரெதிராக ஓடுகிறது என்றே பொருள்கொள்வர். உண்மை இதற்கு நேர்மாறானது. மூலைவிட்ட இணைப்பில் இரு ஹெடர்களிலும் நீர் ஒரே திசையில் ஓடுகிறது. எதிரெதிராக ஓடுவது ஒருபக்க இணைப்பில்தான்.

5.2. ஆங்கிலத்தில் ‘ரிவர்ஸ்’ என்பது ஹெடருக்குள் ஓடும் திசையைக் குறிக்கவில்லை. நீர் முதலில் சென்றடையும் ஏற்பியிலிருந்து திரும்பும் குழாய், நேரே தொட்டியை நோக்கிச் செல்லாமல், வரிசையின் மறுமுனைவரை சென்று பின் திரும்புவதைக் குறிக்கிறது. பெயரில் இல்லாத இச்செய்தியை ஆங்கிலப் பொறியாளர் பயிற்சியால் நிரப்பிக்கொள்கிறார். தமிழ்ப் படிப்பாளிக்கு அப்பயிற்சி இல்லாதவிடத்துச் சொல் மட்டுமே துணை. அத்துணையே அவரைத் தவறான முனைக்கு அழைத்துச் செல்கிறது.

5.3. ‘ஒருபக்க இணைப்பு’, ‘மூலைவிட்ட இணைப்பு’ என்னும் பெயர்களில் இவ்விடர் இல்லை. இவை திசையைக் கூறவில்லை. கண்ணால் காணும் இடத்தைக் கூறுகின்றன. ஏற்பியின் முன் நிற்கும் எவரும் இரண்டு முனைகளும் ஒரே பக்கத்தில் உள்ளனவா, மூலைக்கு மூலை உள்ளனவா என்று பார்த்து அறியலாம்.

6. வினைத்தொகைப் பெயர்கள்

6.1. செயலை அடிப்படையாகக் கொண்டு பெயரிட விழைவோர்க்குத் தமிழில் வினைத்தொகை ஒரு வளமான வாயில். சுருக்கமும் செவிக்கு இன்பமும் உடையது அது. பிரிகுழாய், சேர்குழாய், பகிர்குழாய், ஏறுகுழாய் என்பன உடனே தோன்றும். ஆனால் வினைத்தொகையில் காலங்காட்டும் உருபு மறைவதுபோலவே, வினைக்கும் பெயருக்கும் இடையிலுள்ள உறவும் வெளிப்படுவதில்லை. ஓடுநீரில் நீர் எழுவாய், குடிநீரில் செயப்படுபொருள், அரிவாளில் வாள் கருவி, சுடுகாட்டில் காடு இடம். இவ்வுறவை வழக்கறிவு கொண்டே உணர்கிறோம். புதுச்சொல்லுக்கு வழக்கறிவு இல்லை.

6.2. இதனோடு தன்வினை, பிறவினை வேறுபாடும் மறைகிறது. ‘பிரிந்த’, ‘பிரித்த’ என விரியும்போது தெளிவாக உள்ள வேறுபாடு, ‘பிரிகுழாய்’ எனத் தொக்கவுடன் மறைந்துவிடுகிறது. நீரைப் பிரிக்கும் குழாய் என்றால் அது ஹெடர். தாய்க் குழாயிலிருந்து பிரியும் குழாய் என்றால் அது ரைசர். ஒரே சொல் இரண்டு உறுப்புகளுக்கும் சம உரிமையுடன் பொருந்துகிறது. கலைச்சொல்லுக்கு இதனினும் பெரிய குறை இல்லை. ‘சேர்குழாய்’ என்பதும் அத்தகையதே. நீர் வந்து சேரும் குழாயா, இரு குழாய்களைச் சேர்க்கும் சிறுதுண்டா என்னும் ஐயம் எழும்.

6.3. ரைசருக்கு ‘ஏறுகுழாய்’ என்பது நேரிய பெயராகத் தோன்றினும், மும்பை போன்ற அடுக்குமாடி நகரில் ‘ரைசர்’ என்றாலே தரைத்தொட்டியிலிருந்து மொட்டைமாடித் தொட்டிக்கு நீரேற்றும் குழாய்தான் குழாய்ப் பணியாளர் நினைவுக்கு வரும். மேலும், தொட்டி போதிய உயரத்தில் இல்லாத இயற்சுழற்சிக் கருவியில் இரவு நேரத்தில் ஓட்டம் தலைகீழாகி, சுடுநீர் ஏற்பிக்குள் இறங்கிக் குளிர்ந்துவிடும். அப்பழுதை விளக்கும் உரையில் ‘ஏறுகுழாயில் நீர் இறங்குகிறது’ என்று எழுத நேரிடும்.

6.4. இரு ஹெடர்களுக்கும் பொதுவான பெயராகப் ‘பொதுக்குழாய்’ என்பதைக் கருதலாமா? ரைசர்கள் அனைத்திற்கும் பொதுவானது என்னும் பொருளில் அது பிழையற்றது. பகிர்தல், திரட்டல் இரண்டிற்கும் இடந்தருவது. ஆனால் தாராவியிலும் சரி, தமிழகச் சிற்றூரிலும் சரி, பொதுக்குழாய் என்பது தெருவிலுள்ள குடிநீர்க் குழாய். நாள்தோறும் குடத்துடன் வரிசையில் நிற்கும் மக்கள் மனத்தில் வேரூன்றிய பொருளை அகராதி அகற்ற இயலாது.

7. பரிந்துரை

7.1. மேற்கண்ட பெயர்களின் குறைகளுக்கிடையே ஓர் ஒற்றுமை காணப்படுகிறது. செயலையோ திசையையோ உருவகத்தையோ கொண்டு அமைந்த பெயர், அச்செயல் மாறும்போது பொய்யாகிறது. வடிவத்தையும் கிடப்பையும் கொண்டு அமைந்த பெயர், நீர் எத்திசையில் ஓடினும் பொய்யாவதில்லை. தமிழில் ‘குறுக்கு–நெடுக்கு’ என்னும் இணை யாவரும் அறிந்தது. பாவில் ஊடும் நூலையும், கட்டிலில் கட்டும் கயிற்றையும் விளக்க எழுத்தறியாதவரும் கையாளும் இணை அது. எனவே,

ஹெடர் – குறுக்குக் குழாய்
ரைசர் – நெடுக்குக் குழாய்

என அடிப்படைப் பெயர்களைக் கொள்ளலாம். இரண்டையும் வேறுபடுத்த இடம் குறிக்கும் அடையே போதும்: கீழ்க் குறுக்குக் குழாய், மேல் குறுக்குக் குழாய். பின்னதைச் சேர்த்து ‘மேற்குறுக்கு’ என்றெழுதினால் கண் முதலில் ‘மேற்கு’ என்று படித்துத் தடுமாறும். தெற்கு நோக்கி நிறுவ வேண்டிய கருவியின் குறிப்பில் இது சிறு குறையன்று. ஆதலால் பிரித்தெழுதுதல் நன்று. பட்டறைப் பேச்சில் ‘மேல் ஹெடர்’, ‘கீழ் ஹெடர்’ என்று வழங்குவதும் இதே இடநெறியைச் சார்ந்தது.

7.2. செயலைக் குறிக்க வேண்டிய பாடநூலில் இரண்டாம் நிலைப் பெயர்களைச் சேர்த்துக்கொள்ளலாம். பகிர்ந்தளிக்கும் செயலுக்குப் ‘பகிர்மானம்’ என்பது மின்துறை வழக்கால் நிலைபெற்ற சொல். ஆகவே பகிர்மானக் குழாய், திரட்டுக் குழாய் என்பன பொருந்தும். இவை வினைத்தொகை அல்லாமையால் 6.2இல் கூறிய மயக்கம் இவற்றிற்கு மிகக் குறைவு.

7.3. இப்பரிந்துரைக்கும் எல்லை உண்டு. ஏற்பியைப் பக்கவாட்டில் கிடத்தி நிறுவினால் குறுக்குக் குழாய் செங்குத்தாக நிற்கும். அங்குக் குறுக்கு, நெடுக்கு என்பவற்றைத் தகட்டின் அகலம், நீளம் கொண்டே கொள்ளவேண்டும். ஒரே குழாய் பாம்புபோல் வளைந்து செல்லும் ஏற்பியில் இவ்விணைக்கே இடமில்லை. வெற்றிடக் கண்ணாடிக் குழல்களைக் கொண்ட ஏற்பிகளில் மேலே உள்ள ஒன்றே குறுக்குக் குழாய். குழல்களை நெடுக்குக் குழாய் என்னாமல் குழல் என்றே வழங்குதல் தகும்.

7.4. பெயர்ச்சொல் திருந்தினால் மட்டும் போதாது. வினைச்சொல்லும் அளந்து கையாளப்பட வேண்டும். நெடுக்குக் குழாயைக் குறுக்குக் குழாயின் துளையில் வைத்துப் பற்றவைக்கும்போது, அதன் முனை உள்ளே நீண்டால் குறுக்குக் குழாயின் ஓட்டத்திற்குத் தடையாகும். ‘நுழைக்கவும்’ என்னும் வினை ஆழத்தைக் கட்டுப்படுத்துவதில்லை. உள்ளே செல்லச் செல்ல நன்று என்னும் எண்ணத்தையே தரும். ‘துளையின் விளிம்பைக் கடந்து உள்ளே நீளாதவாறு பொருத்தவும்’ என எழுதுவதே செய்வினைக்கு உதவும்.

7.5. இரு நடைகளை ஒப்பிட்டுக் காண்போம். இவை விளக்கத்திற்காக அமைக்கப்பட்ட எடுத்துக்காட்டுகள்.

(அ) ‘குளிர்நீரைக் கீழ்த்தலைப்பில் செலுத்தி, எதிர்த்திசைத் திரும்பல் முறையில் மேல்தலைப்பிலிருந்து சுடுநீரைப் பெறவும்.’

(ஆ) ‘கண்ணாடி முகத்தை நோக்கி நிற்கவும். குளிர்நீர்க் குழாயைக் கீழ்க் குறுக்குக் குழாயின் இடது முனையில் இணைக்கவும். சுடுநீர்க் குழாயை மேல் குறுக்குக் குழாயின் வலது முனையில் இணைக்கவும். எஞ்சிய இரு முனைகளையும் அடைக்கவும்.’

முதலாவது தமிழ்ச் சொற்களால் ஆனது; ஆயினும் நான்கு முனைகளுள் எவை இரண்டு என்பதை அது கூறவில்லை. ‘எதிர்’ என்பதைக் கொண்டு ஊகிப்பவர் ஒருபக்க இணைப்பையே செய்வர். இரண்டாவது சற்றே நீண்டது. ஆனால் ஊகத்திற்கு இடம் வைக்கவில்லை. அதில் கலைச்சொல் ஒன்றே. அதுவும் கண்ணால் காணத்தக்கது.

8. முடிவுரை

கலைச்சொல்லின் தகுதியைச் சுருக்கம், இனிமை, தூய்மை, ஆக்கத்திறன் என்பவற்றால் அளப்பது நம் மரபு. இவற்றோடு மற்றோர் அளவுகோலும் வேண்டும்: இச்சொல்லை மட்டும் அறிந்த ஒருவர், பொருள் எவ்வாறு இயங்கும் என்று எதிர்பார்ப்பார்? அவ்வெதிர்பார்ப்பு உண்மையில் நிகழ்வதோடு ஒத்துள்ளதா? ‘தலைக்குழாய்’ முன்னைய அளவுகோல்களில் தேறிவிடும், இதில் தேறாது. கடைமடை வாடும் என்று அது கூறுகிறது. மூலைவிட்ட இணைப்பில் உராய்வு மேலோங்கும் வரிசையிலோ வாடுவது நடுமடை.

உருவகம் கலைச்சொல்லாக்கத்திற்கு ஆகாதது என்பது இதன் கருத்தன்று. புதுப்பொருளை முதன்முதலில் விளக்கும் ஆசிரியர்க்குப் பாசன உவமை சிறந்த துணை. ஒருபக்க இணைப்பில் அது பெருமளவு உண்மையும் ஆகும். ஆனால் உவமையை விளக்கத்தில் வைத்தால், அது பொருந்தும் இடத்தையும் பொருந்தா இடத்தையும் அடுத்த தொடரிலேயே கூறிவிடலாம். பெயரில் வைத்தால் அவ்வாய்ப்பு இல்லை. பெயர் தன்னைத் தானே திருத்திக்கொள்வதில்லை; அகராதி, பாடநூல், நிறுவு குறிப்பு ஆகிய எல்லாவற்றிலும் அதே எதிர்பார்ப்பைச் சுமந்து செல்கிறது.

கொதிகலன், குளிர்விப்பான், தீயணைப்புக் குழாய்த்தொகுதி ஆகியவற்றிலும் ஹெடர் உண்டு. அவற்றிலெல்லாம் ‘குறுக்குக் குழாய்’ பொருந்தும் என்று இங்குக் கூறப்படவில்லை. ஒவ்வொன்றிலும் நீரோ நீராவியோ எங்கு நுழைந்து எங்கு வெளியேறுகிறது என்பதைக் கண்டறிந்தபின்னரே பெயரைத் தேர்தல் வேண்டும். தொழிற்கூடத்தில் பொருளை ஒருமுறை நேரிற் கண்டு, அதன் நீர்வழியைத் தாளில் வரைந்து பார்ப்பது, மொழிபெயர்ப்பாளர் அகராதியைப் புரட்டுவதற்கு முன் செய்யத்தக்க பணியாகும்.